மேபல் ஊற்றிய தண்ணீர்

கொட்டாஞ்சேனை மேபலுக்கு இரக்கம் அதிகம். தெருநாய்க்குச் சோறு வைப்பாள், செத்த எலிக்கும் உச்சுக்கொட்டுவாள். இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். அவர்கள் நல்லது செய்யப் புறப்பட்டால் யாராவது ஒருவர் அழிந்துதான் போகிறார்.

பூக்கன்று நேர்சரிக்காரருக்கு உதவுவதற்கென்று பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. கன்று மாற்றுவாள், தரை கூட்டுவாள். அங்கே டொக்டர் மேனகா தேங்காய்மட்டைத் தூளான தும்புச்சோற்றில் புதுக் கலவை ஒன்று செய்து அந்தூரியம் நட்டார். தண்ணீர் இல்லாமல் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

"வாடினாலும் செத்தாலும் தொட வேணாம், மேபல் அக்கா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. மேபலுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். கன்றுகள் பிழைத்தன. மேனகாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு கிழமை தாங்கும் கலவை என்று நேர்சரிக்காரரைக் கூப்பிட்டு அறிவித்தார்.

முன்வரிசையில் இருந்தவன் ரொனி, மேபலின் தம்பி. ஹெந்தளையில் அந்தூரியம் விற்றுத்தான் அவன் குடும்பம் சாப்பிடுகிறது. தண்ணீர் விட ஆளில்லாததால் வருடக்கணக்காகத் தலவில அன்னம்மா கோயில் திருவிழாவுக்குப் போகாதவன். அவன் முழு நேர்சரியையும் புதுக் கலவைக்கு மாற்றினான். மேபல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும்.

திருவிழா வந்ததும், "நீங்க போங்கோ, நான் நிண்டு தண்ணி ஊத்துறன்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள்.

ரொனி சிரித்தான். "உங்கட இடத்தில கண்டுபிடிச்சதுதானே அக்கா! பேசாம வாங்கோ."

போனாள். அன்னம்மா சிலையின் காலைக் கட்டிக்கொண்டு மன்றாடினாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது நேர்சரி முழுவதும் கருகிக் கிடந்தது.

செத்த கன்று ஒன்றைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு ரொனி ஆய்வு நிலையத்துக்கு வந்தான்.

"எங்கட கண்டுகள் பிழைச்சதே" என்றார் மேனகா. "அதுகளைப் பார்த்துக்கொண்டது உங்கட அக்காதான். கேளுங்க."

ரொனி திரும்பினான். "அக்கா, உண்மையாவே தண்ணி ஊத்தேல்லையா?"

"ஒரு சொட்டும் ஊத்தேல்ல, தம்பி."

அக்காவை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? "அப்ப நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டன், மிஸ்" என்று மன்னிப்புக் கேட்டான். மனிசியின் சங்கிலியை அடகு வைத்து, அதே கலவையில் மறுபடி நடப்போவதாகச் சொன்னான்.

"பாவம் என்ர தம்பி" என்று மேபல் அழுதாள். பிறகு அந்தச் சட்டியை அவன் கையிலிருந்து வாங்கி, செத்த கன்றுக்குத் தண்ணீர் விட்டாள்.