பிரிசில்லா அக்காவின் வாழைப்பழ வைத்தியம்

தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பிரிசில்லா அக்கா, நல்லூரில் எங்கள் தெருமுனை கம்பெனியில் பனியன் துணி பின்னும் மெஷின் ஓட்டுகிறார். அங்கே பறக்கும் பஞ்சு எல்லார் தலையிலும் உட்கார்ந்திருக்கும். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிடுவார்கள். உள்ளே போன பஞ்சைப் பழம் வழுக்கிக்கொண்டு இறக்கிவிடும் என்று நம்பிக்கை. அக்கா இரண்டு சாப்பிடுவார். மாஸ்க் மட்டும் போடமாட்டார்.

ஆடி மாதம் இருமல் பிடித்தது. படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. சூப்பர்வைசர் மயில்சாமி கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கிழமை மூச்சு டெஸ்ட் எடுக்க வர்றாங்க. அதுல சரியா வரலீன்னா பேக்கிங்குக்குப் போயிருங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய மெஷின். அங்கே மெஷின் ஓட்டும் ஒரே பெண் அவர்தான். வெள்ளிக்கிழமை நாலு பழம் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றார்.

டெஸ்ட் எடுத்த டெக்னீசியன் மெஹ்ஜபின், ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அக்கா கன்னத்தை உப்பி ஊதினார்.

"பலூனா ஊதுறீங்க? நெஞ்சு நிறைய இழுத்துட்டு ஒரே மூச்சுல தள்ளுங்கக்கா."

இழுத்தார். ஏப்பம்தான் வந்தது. வரிசையே சிரித்தது.

"என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு பழம். நெஞ்சுல கெடக்குற பஞ்ச இறக்கணும்லா?"

மெஹ்ஜபின் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொண்டையில ரெண்டு பாதைக்கா. முன்னாடி மூச்சுக்குழாய், பின்னாடி உணவுக்குழாய். முழுங்கும்போது மூச்சுக்குழாயை ஒரு மூடி அடைச்சுக்கும். பழம் ஒரு வழி, பஞ்சு ஒரு வழி."

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளில் முடியுமாம். அங்கேதான் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறுகிறது. நுரையீரல் தானாக விரியாது. அதன் அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் அது எங்கே இறங்கும்?

இரண்டு மணி நேரம் கழித்து ஊதியபோது, காற்று போகும் குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. மருந்தை மூச்சோடு இழுத்துவிட்டு ஊதியதில் காற்றின் அளவு ஏறியது. டெஸ்டைப் பார்த்த டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் பஞ்சுப் பக்கம் போகக் கூடாது என்றார்.

அக்கா அந்த மாதம் பேக்கிங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். மறு டெஸ்டில், "போதும்க்கா, நிறுத்துங்க!" என்று மெஹ்ஜபின் கத்தும்வரை ஊதினார்.

டாக்டர் சரி என்றதும் மயில்சாமி சொன்னார்: "மாஸ்க் போட்டுக்கிட்டு திங்கக்கெழம மெஷினுக்கு வந்துருங்க."

"திங்கக்கெழமயா? இன்னும் அரை ஷிப்ட் கெடக்கேண்ணே!" என்றபடி அக்கா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்து நடந்துவிட்டார்.