துன் நகரில் அகற்றப்படவிருக்கும் ஒரு பிரதமரின் கல்லறை

போன சனிக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, சமையலறை லாச்சியிலிருந்து நகரசபைக் கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். ஓல்டனில் அப்பாவின் கல்லறைக்கு இருபது வருடம் முடிகிறது. இங்கே சுவிஸில் பொது வரிசைக் கல்லறைகளை அதற்குமேல் விட்டுவைப்பதில்லை. கல்லை நாங்கள் எடுக்கிறோமா, அவர்களே அகற்றுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதவேண்டும். சூரிச்சிலுள்ள தம்பி அதைத் தன் தோட்டத்தில் வைக்க நிற்கிறான். நான் இரண்டு கிழமையாக அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

ஓல்டனிலிருந்து துன்னுக்கு நேர் ரயிலில் ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அரைக் கட்டண அட்டையோடு போய்வர நாற்பது பிராங்க் அளவில். நிலையத்திலிருந்து மயானத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை.

அங்கே இருப்பவர் இன்னொரு ஐரோப்பிய நாட்டின் முன்னாள் பிரதமர். குடும்பம் ஆரவாரத்தை விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன். போரில் இடிந்த ஊரொன்றில் வாத்தியாராக இருந்து, நகரபிதாவாகி, பிரதமரானவர். மரணதண்டனையை ஒழித்தார். கணவனின் கையெழுத்தில்லாமல் பெண்கள் வங்கிக்கணக்குத் திறக்க வழி செய்தார். கடைசியாக, அகதிகள் வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். மன்னாரிலிருந்து அந்த நாட்டுக்குப் போன அப்பாவுக்கு அந்தச் சட்டத்தால்தான் ஒரு உணவகச் சமையலறையில் இடம் கிடைத்தது. அந்தச் சட்டத்துக்காகவே சொந்தக் கட்சி அவரைக் கவிழ்த்தது. பதினொரு மாதத்தில் சட்டமும் போனது. அப்பா சுவிஸுக்கு வந்தார். பிரதமரும் தன் மனைவியின் ஊரான துன்னுக்கு வந்து ஒதுங்கினார். இருவரும் சந்தித்ததில்லை.

மயானத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கல்லைக் காட்டி, இவர் ஒரு பிரதமர் என்றேன்.

“பிரதமரோ? நான் ஆரோ கணக்கு வாத்தியார் எண்டெல்லோ நினைச்சன், தங்கச்சி. அவ்வளவு சின்னக் கல்லு.”

“வாத்தியாரும்தான் அண்ணை.”

“அப்ப நான் பிழையில்லை.” சிரித்தார். பிறகு கல்லில் ஒட்டியிருந்த அறிவித்தலைத் தொட்டார். “மாசியில மெஷின் வரும். ஆரெண்டாலும் இந்த வரிசைக்கு இருபது வருசம்தான். மகள் வந்தவ. கல்லு வேண்டாமாம். தனக்கெண்டு ஒண்டும் கூடுதலாக் கேக்கவேண்டாமெண்டு தகப்பன் எழுதி வைச்சவராம்.”

“ஊருக்குக் கொண்டுபோகேல்லையோ?”

“அங்க ஆர் கேட்டது?”

மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றில் இரண்டு தரம் அணைந்தது.

போக நினைப்பவர்கள் தை மாதத்துக்குள் போய்விடுங்கள். பூவை நிலையத்திலேயே வாங்குங்கள். மயானத்தருகே கடை இல்லை.

அப்பாவும் எங்கேயும் விலக்குக் கேட்டவரில்லை, வேலை மட்டுமே கேட்டார். திரும்பும் ரயிலில், பேர்ன் வரும் முன், கடிதத்தை எடுத்து, “கல்லை நகரசபை அகற்றலாம்” என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். தம்பி நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.