அக்கா ஒட்டிய முன் கண்ணாடி

அந்தக் கல் வந்து விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ விரல் முட்டியால் ஒரு தரம் தட்டியதுபோல் ‘டக்’ என்றது, அவ்வளவுதான். கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய்விட்டு அக்காவின் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் கிரவல் மண் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். சத்தம் கேட்டு நான் கண்ணை மூடித் திறந்தபோது என் முகத்துக்கு நேரே, முன் கண்ணாடியில், கடலைப் பருப்பளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதிலிருந்து நண்டுக்கால்போல மெல்லிய மூன்று வெடிப்புகள் கிளம்பியிருந்தன.

அக்கா காரை ஓரம் கட்டினாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடியை. “அத்தானுக்கு என்னண்டு சொல்லுறது?” என்று என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அக்காவின் கணவரான அத்தான் அப்போது கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா கார் ஓட்டுவதில் அவருக்குத் துளியும் விருப்பம் இருக்கவில்லை. அவள் வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளி விட்டதும் வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கார் வந்த பிறகுதான் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பின்னேரம் வைத்துப் படிப்பிக்க அவளால் முடிந்தது. மாதக்கணக்கில் மன்றாடித்தான் அத்தானைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அன்றைக்கு அவர் சொன்னதை நானும் பக்கத்திலிருந்து கேட்டேன்: “ஒரு கீறல் விழுந்தாலும் காரை வித்துப்போடுவன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குள் போய் இருந்துகொண்டது.

மறுநாளே கல்முனைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கால்கள் வைத்த ஒரு தாங்கி, திருகாணி போட்ட சின்னக் குழாய், ஒரு துளிக் கண்ணீர்போல் தெளிந்த பிசின், பிளேட், தெளிவான பிளாஸ்டிக் துண்டுகள். கார்க் கண்ணாடி இரண்டு தட்டாம், நடுவில் ஒரு மென்படலமாம். மேல்தட்டு மட்டும் உடைந்திருந்தால் பிசின் ஏற்றி ஒட்டலாமாம். பெட்டிக்குள் இருந்த தாளை அவள் பாடக்குறிப்புப்போல் கோடு போட்டுப் படித்தாள்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். அவள் பள்ளியால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், ஒட்டுவதற்கு முன் தூசு இல்லாமல் இருக்கட்டும் என்று கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி, வெயிலில் கொதித்துக்கிடந்த கண்ணாடியில் ஊற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நண்டுக்கால்களில் ஒன்று என் கண் முன்னாலேயே ஒரு விரற்கணு நீளத்துக்கு ஓடி நின்றது.

சோற்றுக் கையோடு ஓடிவந்த அக்கா வாளியையும் என்னையும் பார்த்தாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “ஈரம் நல்லாக் காயணும், இனி லீவு நாளிலதான் ஒட்ட ஏலும். அதுவரைக்கும் கார ஓடினா இன்னும் வெடிக்கும்,” என்று மட்டும் சொல்லி, வெடிப்பின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டினாள். அந்தக் கிழமை முழுக்கப் பஸ்ஸில் போனாள். பின்னேர வகுப்பு நின்றது. ‘மிஸ், இனிக் கிளாஸ் இல்லையா?’ என்று ஒரு பிள்ளை கேட்டதாக வந்து சொன்னாள். அதைச் சொன்ன அன்று பின்னேரமே அத்தானுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

“இஞ்ச பாருங்க, காரிட முன் கண்ணாடியில கல் பட்டுட்டு.”

அத்தான் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு, “உனக்குப் பட்டதா?” என்றார்.

“இல்ல. தங்கச்சி இருந்த பக்கம். அவளுக்கும் ஒண்டும் இல்ல.”

“கண்ணில கிண்ணில தூள் போகல்லையே?”

“இல்ல எண்டுறன்.”

நான் போனுக்குள் தலையை நீட்டி, “அத்தான், வெடிப்பக் கூட்டினது நான்தான். தண்ணி ஊத்திட்டன்,” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கெதியாக நின்றுவிட்டது.

“ஒவ்வொரு நாளும் இஞ்ச ரோட்டோரத்தில நொறுங்கின வாகனத்தப் பாத்துக்கொண்டுதான் ஓட்டுறன்,” என்றார் அக்காவிடம். “அதுதான் உன்ன ஓட்ட வேணாம் எண்டன். காருக்காக எண்டு நினைச்சியா?”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வீடியோவில் அத்தானும் எங்கேயோ பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள், தானே ஒட்டப்போவதாகச் சொன்னாள். “வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே? எனக்கும் லீவு. நான் பாத்துக்கொண்டிருக்கச் செய்,” என்றார் அவர்.

வெள்ளி காலை, வெயில் ஏற முதல், மாமர நிழலில் காரை நிறுத்தினோம். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தானுக்குப் பின்னால் அவருடைய அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு கட்டிலில் வந்து குந்தியிருந்தார்கள். அவர்களில் காத்தான்குடிக்காரர் ஒருவர், எல்லாரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் வயதானவர், முன்பு கராஜில் வேலை செய்தவராம்.

அக்கா ஊசியால் உடைந்த தூளைக் கிளறி எடுத்தாள். தாங்கியை அழுத்தி ஒட்டி, குழாயை நேரே வைத்து, பிசினை விட்டுத் திருகினாள்.

“தங்கச்சி, அவசரப்படாதீங்க. முதல்ல காத்து வெளிய வரணும்,” என்றார் நானா அக்காவிடம். திருகாணியைத் தளர்த்தி, பொறுத்து, மறுபடி இறுக்கினாள். ஒரு நண்டுக்கால் மங்கி மறைந்தது. பிறகு அடுத்தது. நான் ஓட விட்ட அந்த நீளக் கால் மட்டும் நுனியில் வெள்ளையாகவே நின்றது.

“உள்ளுக்க இருந்து ஒரு ஆள் பெருவிரலால மெல்ல அழுத்தட்டும். மெல்ல!” என்று நானா கத்தினார்.

போனைக் காரின் முன்மூடியான பொனற்றில் சாத்தி வைத்துவிட்டு நானே உள்ளே ஏறினேன். வெடிப்பின் நுனியில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம், மூக்கு நுனியில் வியர்வைத் துளி. “இன்னும் கொஞ்சம்,” என்றாள். “போகுது... போகுது...” வெள்ளைக் கோடு நுனிவரை நனைந்து, கண்ணாடியோடு கண்ணாடியாகக் கரைந்தது.

குழாயைக் கழற்றி, மேலே ஒரு துளி விட்டு, பிளாஸ்டிக் துண்டை ஒட்டினாள். இனிப் பிசின் இறுக வெயில் வேண்டும். நியூட்ரலில் போட்டு இருவருமாகக் காரை வெளியே தள்ளினோம். அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. கத்தாரில் ஆறு பேரும் செட்டிபாளையத்தில் இரண்டு பேரும் ஒரு மேகம் விலகுவதற்காகக் காத்திருந்தோம். விலகியது. கால் மணி நேரம் கழித்து அக்கா பிளாஸ்டிக்கை உரித்து, பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து, இறுகிய பிசினைச் சீவி எடுத்தாள். காய்ந்த மழைத்துளிபோல் ஒரு மங்கிய அடையாளம். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். அத்தான் மட்டும் தட்டவில்லை.

“திங்கக்கிழமை எதில போறாய்?” என்று கேட்டார்.

“காரிலதான்.”

“சரி. டிப்பருக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு போகாத.”

திங்கட்கிழமை பின்னேர வகுப்பு மறுபடி தொடங்கியது.

அச்சத்தை அதட்டலாகவே சொல்லிப் பழகிய மனிதர்கள் எங்கள் வீடுகளில் அதிகம். அதைக் கேட்டு, நடந்ததை ஒளித்து வைக்கப் பழகியவர்கள் நாங்கள். அன்றைக்கு அக்கா அந்த வீடியோ கோலை எடுக்காமல் இருந்திருந்தால், அத்தானுக்குக் காரின் மேல்தான் ஆசை என்று நாங்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்போம்.

இந்த வருடம் அத்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கத்தாரில் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை இன்னும் சரிவரவில்லை என்று சொல்லி, அக்கா ஓட்ட, இடப்பக்க இருக்கையில்தான் ஏறுகிறார். போன கிழமை அலுவலக விடயமாகக் கொக்கட்டிச்சோலைக்குப் போன நான், வழியில் அக்காவின் பள்ளிக்கூட வாசலில் காரைக் கண்டு நின்றேன். பின்னேர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மரத்தின் கீழே அத்தான் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு இருந்தார். அக்கா வகுப்பு வாசலுக்கு வந்து, இன்னும் ஒரு பாடம் இருக்கிறது, நேரமாகும் என்றாள்.

“ஆறுதலா முடிச்சிட்டு வா,” என்றார் அத்தான், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். “நான் இருக்கிறன்.”