தங்கச்சியின் காலைப் பிடிக்க வந்த ஸ்பெஷலிஸ்ட்

"மரபணு எலும்பு நோய்களுக்குச் சிறப்பு மருத்துவர்" என்ற போர்டை நம்பி, இன்று இரண்டு வயதுத் தங்கச்சியைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம்.

அவளுக்கு எலும்பு சும்மாவே உடையும். இதுவரை நான்கு முறை. துணி மாற்றும்போதுகூடக் காலைப் பிடித்துத் தூக்க மாட்டோம். இடுப்புக்கு அடியில் கை கொடுப்போம்.

நோயின் பெயரைச் சொன்னேன்.

"தெரியும் பாப்பா, கால்சியம் கம்மி. அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

பிறவியிலேயே வந்த மரபணு நோய்க்கு வெறும் கால்சியமா? எனக்கு அப்போதே சந்தேகம்.

அடுத்து அவள் கணுக்காலைப் பிடித்து இழுக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாம்மா, டாக்டரையே அடிக்கிற?"

"இந்த நோயி தெரிஞ்சவரு காலப் புடிச்சி இழுப்பாரா சார்?"

கிளம்பி வந்துவிட்டோம்.

நம்ம பக்கத்தில், குழந்தையைத் தொடும் முன் "எப்படித் தூக்கணும்?" என்று கேட்கிற டாக்டர் இருந்தால் சொல்லுங்கள். அவரை அம்மா அடிக்க மாட்டார், நான் பொறுப்பு.