நசீர் பாயை நாங்கள் விடுவிக்கவில்லை

திங்கட்கிழமை பத்து மணி தாண்டியும் நசீர் பாய் மலையேறி வரவில்லை. மலையடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து ஷேர் ஜீப் ஓட்டிவரும் குமார்தான் செய்தியைக் கொண்டுவந்தான். வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து எங்கள் சேவை மையத்தின் வாசலில் நின்றான். "யக்கா, பாய் பூட்டாருக்கா. பஸ் ஸ்டாண்டுல என் வண்டிக்குத்தான் நின்னுக்கினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு குந்தினாரு, அவ்ளோதான்" என்றான். எங்கள் பொறுப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அடடா" என்றார். பிறகு வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு பிரிண்ட் யாரு எடுப்பா?" என்றார்.

பாயை அறிந்த நீங்கள் இதைப் படித்ததும் பொறுப்பாளரைத் திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் என் மனதிலும் முதலில் எழுந்தது அதே கேள்விதான். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமங்களுக்கு எங்கள் மையம்தான் ஒரே வழி. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் எல்லாம் பிடிஎஃப் கோப்பாக வரும். அதைத் தாளில் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அங்கே கணினி ஆட்கள் நாங்கள் இரண்டே பேர்: வாணியம்பாடியிலிருந்து தினம் பஸ் மாறி, ஜீப் பிடித்து வரும் நசீர் பாய், இந்த மலையிலேயே வீடு இருக்கிற நான், விஜயா. ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. கணினியில் ஓடுவது லினக்ஸ், கோளாறு வந்தால் கட்டளைகளை அடித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அச்சுப்பொறியோ எங்கள் எல்லோரையும்விடப் பிடிவாதக்காரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தாள் வரவில்லை என்று அச்சுப் பொத்தானை நான் ஏழெட்டு முறை அழுத்தியிருந்தேன். பாய் வந்து கருப்புத் திரையைத் திறந்து lpstat என்று அடித்தார். நான் அழுத்தியதெல்லாம் வரிசையாக நின்றிருந்தது. "எத்தினி தடவ அழுத்தினாலும் அது பாட்டுக்கு வாங்கி வெச்சிக்கும்மா. தரேன்னு சொல்லாது, தரமாட்டேன்னும் சொல்லாது. நம்ம ஆபீஸ் மாதிரிதான்" என்றார். cancel -a என்று அடித்து அத்தனையையும் துடைத்தார். பிறகு cupsenable. எங்கோ ஒரு தாள் சிக்கியதும் பொறி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. யாராவது எழுப்பும்வரை அப்படியே கிடக்குமாம். எழுப்பினார், தாள் வந்தது. நான் கைதட்டினேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்று கூசுகிறது.

இன்னொரு நாள், பெருமாள் என்பவர் தன் மகள் பூங்கொடியின் சாதிச் சான்றுக்காக விடியலில் புறப்பட்டு நடந்து வந்திருந்தார். மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கல்லூரிச் சேர்க்கை. சான்று திரையில் சரியாகத் தெரிந்தது. தாளில் மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. "கையால எழுதிக் குடுத்து அனுப்புப்பா" என்றார் பொறுப்பாளர். பாய் அசையவில்லை. "கையால எழுதினா கீழ கிழிச்சிப் போட்ருவாங்க சார். அந்தப் பொண்ணு படிப்பு இன்னா ஆவறது?" என்றபடி pdffonts என்று எதையோ அடித்துப் பார்த்தார். "வெறுங்கையா வந்துக்கிதும்மா இது. எழுத்த அவங்க வூட்லயே வெச்சிட்டு, பேர மட்டும் அனுப்பிக்கிறாங்க" என்றார். எழுத்துருவின் பெயர் மட்டும்தான் கோப்புக்குள் இருக்கிறது, எழுத்துரு இல்லை என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். பிறகு pdftoppm என்ற கட்டளையால் பக்கம் முழுவதையும் படமாக்கி, அந்தப் படத்தை அச்சடித்தார். பூங்கொடியின் பெயர் அச்சு அசலாக வந்தது. பெருமாள் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். "போங்கண்ணா, ஜீப்பு பூடும்" என்று பாய்தான் விரட்டினார்.

போன வருடம் அவருக்கு இதயத்தில் கோளாறு என்றார்கள். மலைப் பயணம் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். இடமாறுதல் கேட்டார், கிடைத்தது, ஆலங்காயத்துக்கே. ஆணை பிடிஎஃப்பாக வந்தது, அவரே அச்சடித்தார். ஆனால் இங்கிருந்து விடுவித்தால்தானே அங்கே போய்ச் சேர முடியும்? "நீங்க போய்ட்டா இந்த மெஷின் யாரு பேச்சக் கேக்கும் பாய்? விஜயாவுக்குக் கத்துக் குடுங்க. அன்னிக்கே ரிலீவ் பண்றேன்" என்றார் பொறுப்பாளர்.

ஆக, அவர் கீழே இறங்குவது என் கையில் வந்து நின்றது.

"விஜயாம்மா, ஒரு வாரம் குந்துங்க, போதும். நீங்க கத்துக்கினாத்தான் என்ன உடுவாங்க" என்பார். எனக்கு இங்கிலீஷ் வராது என்றேன். "நாலு எழுத்துங்க. தினம் இதவிடப் பெரிய அட்ரஸெல்லாம் அடிக்கிறீங்களே" என்று சிரித்தார். கூட்டம் குறையட்டும் என்றேன். பண்டிகை முடியட்டும் என்றேன். உண்மையான காரணம் வேறு. தெரிந்தவர் தலையில்தான் எல்லாம் விழும் என்பதை அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தேன். தெரியாதவளாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. "உங்க கைராசி எனக்கு வராது பாய்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஜீப்பில் இடமில்லாத நாட்களில் பின்னால் தொற்றிக்கொண்டு வருவார். வந்ததும் மேசையில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடப்பார். "பாய், பிரிண்டு நின்னுபோச்சி" என்று அப்போதும் அவரை எழுப்பியவள் நான்தான்.

செய்தி வந்த அன்று வாணியம்பாடிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் விஜயாவா? உங்களுக்குக் கத்துக் குடுத்துட்டா கீழ வந்துடுவேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. கத்துக்கினீங்களாம்மா?" என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுத்த வாரம் ஆலங்காயத்தில் இரங்கல் கூட்டம். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றார் பொறுப்பாளர். "கடைசி மூச்சு வரை பணியில் இருந்தார்" என்றும் சொன்னார். கடைசி மூச்சில் அவர் எந்தப் பணியிலும் இல்லை. அவர் ஏறவே தேவையில்லாத ஒரு ஜீப்புக்காக நின்றிருந்தார். ஈடுசெய்ய முடியாதவர் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரை ஏழு மாதம் கட்டிப்போட்டோம். செத்த பிறகும் அதையே மைக்கில் சொல்கிறோம். எழுந்து கத்தியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

மறுநாள் வேறு வழியில்லாமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கருப்புத் திரையைத் திறந்து, மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன். அவர் அடித்த கட்டளைகளை அந்தத் திரை மறப்பதில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று, கடைசியிலிருந்து பின்னோக்கி வந்துகொண்டே இருந்தது. எதற்குப் பிறகு எதை அடித்தார், எங்கே தவறினார், எப்படித் திருத்தினார் எல்லாம் இருந்தது. இடையிடையே ஒரே ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: lp transfer_order.pdf. அவருடைய இடமாறுதல் ஆணையை அச்சடிக்கும் கட்டளை. எண்ணிப் பார்த்தேன், ஏழு முறை. போய்ப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "மாசா மாசம் ஞாபகப்படுத்த ஒரு காப்பி கொண்டாந்து குடுப்பாரும்மா. எங்கியோதான் வெச்சேன்" என்று மேசை இழுப்பறையைத் திறந்து துழாவினார்.

நான் திரும்பி வந்து அந்த வரிகளைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் வரிசையைத் துடைக்க வந்தது. இரண்டாம் நாள் பொறியை எழுப்ப வந்தது. மூன்றாம் நாள் கட்டம் விழுந்த ஒரு சான்றைப் படமாக்கினேன், தலைகீழாக வந்தது. நான்காம் நாள் சரியாக வந்தது. வாங்கிக்கொண்டு போனவர் என்னைக் கும்பிட்டார்.

நசீர் பாயை அறிந்தவர்களே, அவருடைய பொறுமை, சிரிப்பு என்று நீங்கள் ஆளுக்கொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நான்கு நாள்தான். ஏழு மாதமாக அவர் என்னிடம் கேட்டது ஒரு வாரம்தான்.