ஹனீபா பாயின் மிஷின் நிற்கவில்லை

செய்தி வந்தபோது என் காதில் விழவில்லை. தோட்டத்தில் காய்ந்த சில்வர் ஓக் கிளைகளை விறகுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். செயின் சா ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. மிஷினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் போனைப் பார்த்தேன். நசீர் நான்கு முறை அழைத்திருந்தார். திருப்பி அழைத்தேன்.

"அக்கா, அத்தா மௌத்தாயிட்டாங்க. காலையில கடையத் தொறக்கும்போது நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

அடிவாரத்து ஊரில் மோட்டார், பம்பு, மரம் அறுக்கும் மிஷின் விற்றுவந்த ஹனீபா பாய் அவர்களைத்தான் சொல்கிறேன். நசீர் அவருடைய ஒரே மகன். எங்கள் மலைமேல் வாழவந்தி நாட்டிலும் குண்டனி நாட்டிலும் அவரை அறியாத மிளகுத் தோட்டக்காரர்கள் குறைவு. அறிந்தவர்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு கெட்ட பேச்சும் தெரியும். பாய் ஓட்டை மிஷினை விற்றார், அது பாதி மரத்தில் நின்றுபோனதால் ஒருவருடைய கால் ஒடிந்தது என்று. அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான். அது பொய்.

நம் மிளகு விவசாயிகள் கூட்டத்தில் படிக்க அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சரி என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதுவரை எழுதுவதற்குள் நான்கு தடவை எழுந்து போய், ஏற்கெனவே தண்ணீர் குடித்த மாட்டுக்கு மறுபடி தண்ணீர் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். எழுதாமல் வாயால் சொல்லலாம் என்றால் என் வாயை நான் நம்புவதில்லை. அது ஒரு தடவை செய்த வேலை போதும்.

முதலில் அவரைப் பார்த்தது மிஷின் வாங்கப் போனபோது. என் வீட்டுக்காரர் லாரியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். தோட்டத்தில் பட்டுப்போகும் மரங்களை அறுக்க ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி அலைந்து எனக்குச் சலித்துப்போயிருந்தது. மலையில் மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்து வீட்டில் இருப்பதைவிட நீளமானது வேண்டும். நானும் கடையில் தொங்கியதிலேயே பெரியதைக் கை காட்டினேன்.

பாய் அதை எடுத்துக் கொடுத்தார். "இடுப்பு உசரத்துல புடிச்சுக்கிட்டு நில்லுங்க அம்மிணி. நான் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் கீழ வெக்கக் கூடாது" என்றார். பெண் என்று கேலி செய்கிறார் என நினைத்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவர் உட்கார்ந்து குடிக்கவில்லை. அவர் எதையுமே உட்கார்ந்து செய்து நான் பார்த்ததில்லை. கடைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டே ஊதி ஊதிக் குடித்தார். பாதி டம்ளர் காலியாவதற்குள் என் கை நடுங்கிவிட்டது.

"ஆம்பளைங்களும் இதுக்கு மேல தாங்கறதில்லீங்க. கை ஓஞ்சுபோனா மிஷின் நம்ம பேச்சைக் கேக்காது" என்றார். எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரரும் அதே சோதனையில் தோற்று, சின்ன மிஷினோடுதான் போனாராம். அதைக் கேட்டதும் கோபம் பாதி இறங்கியது.

ஆனால் அன்றைக்கு அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. மரத்தைப் பார்க்காமல் மிஷின் கொடுப்பதில்லை என்றார். மறுநாள் மலைப்பாதை வளைவுகளையெல்லாம் ஏறி டூவீலரில் தோட்டத்துக்கே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து எங்கள் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிப் பிடித்து அளந்தார். வீட்டு ஓரத்துப் பலாவை அண்ணாந்து பார்த்து, "இது உங்க வேலையில்லீங்க, இதுக்கு ஆள் உடுங்க" என்றார். கடைசியில் ஒரு முழம்கூட இல்லாத பார் உள்ள சின்ன மிஷினைக் கொடுத்தார். பார் என்பது சங்கிலி ஓடுகிற அந்த நீட்டுத் தகடு. அதன் நுனி எதிலாவது இடித்தால் மிஷின் முகத்தைப் பார்த்துத் திரும்பும், நுனியால் மரத்தைத் தொடவே கூடாது என்பதை அன்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சேலையோடு தொடக் கூடாது என்றதால் வீட்டுக்காரருடைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டேன். என் மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

விற்றதோடு விட்டுவிடுகிற மனிதர் இல்லை அவர். சங்கிலி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்து இழுக்க வைத்துக் காட்டினார். மரத்தூள் மாவாக விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது, சீவலாக விழுந்தால் கூராக இருக்கிறது என்றார். முதல் மரத்தை அறுப்பதற்கு முன் அவர் சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"மரம் எங்க போவும்னு எல்லாரும் பாக்கறாங்க. நீங்க எங்க போவீங்கன்னு மொதல்ல பாருங்க."

மிஷினை எடுக்கும் முன் பின்பக்கமாக ஓடும் வழியில் என்னை மூன்று தடவை நடக்க வைத்தார். காலில் தட்டிய கல்லையும் வேரையும் அவரே குனிந்து அப்புறப்படுத்தினார். பிறகு இன்னொன்று சொன்னார். "மொளகுக் கொடி மேல போயி அடுத்த மரத்தைப் புடிச்சிருக்கும். அதை அறுத்துப் போட்டுட்டுத்தான் மிஷினைத் தொடோணும். உங்க சனத்துக்குக் கொடி மேல கை வராது. எனக்குத் தெரியும். ஆனா அறுக்கோணும்."

ஏழெட்டு மரங்களை அப்படித்தான் சாய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அந்த மார்கழியில் மாட்டுக் கொட்டகைக்கு மேலாகச் சாய்ந்து நின்ற ஒரு மரம் பட்டுப்போனது. மழையோடு காற்றும் அடித்துக்கொண்டிருந்ததால் தள்ளிப்போட முடியவில்லை. அதில் ஏறியிருந்த கொடிதான் எங்கள் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற கொடி. உச்சியில் அது பக்கத்து மரத்துக்குத் தாவி அங்கேயும் சரம் சரமாகக் காய்த்திருந்தது. ஒரு மாதம் போனால் பறித்துவிடலாம். கொடியை அறுக்காமல் விட்டால், மரம் விழும்போது அது தானாகப் பிரிந்து பக்கத்து மரத்தோடு நின்றுகொள்ளும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். கயிறு பிடிக்க வந்தவர் என் கொழுந்தனார் முருகேசன். "அண்ணி, பாய் கொடியை அறுக்கச் சொன்னாரில்லீங்க?" என்று கேட்டார். "இதொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி" என்றேன்.

விழும் பக்கம் வாய் வெட்டிவிட்டு, பின்பக்கம் அறுத்தேன். மரம் நான் நினைத்த பக்கம்தான் புறப்பட்டது. பாதி வழியில் கொடி இழுத்துப் பிடித்தது. மரம் முறுக்கிக்கொண்டு திரும்பி, முருகேசன் நின்ற பக்கம் விழுந்தது. அவர் ஓடினார். ஒரு கிளை அவருடைய காலை அமுக்கிவிட்டது.

இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் பிடித்தது. மரம் விழுந்ததும் நான் முதலில் பார்த்தது முருகேசனை அல்ல. கொடி அறுந்துவிட்டதா என்று மேலே பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கத்துவது கேட்டது. மிஷின் என் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மாமியார், "எப்பிடி ஆச்சு?" என்று கேட்டார். அவருக்கு முருகேசன் கடைக்குட்டி, செல்லப் பிள்ளை. "மிஷின் நடுவுல நின்னுபோச்சுங்க அத்தை, அதனாலதான் மரம் திரும்பிருச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஓடிய வேகத்தில் கொடி இழுத்ததை முருகேசன் பார்க்கவில்லை; அவரும் பிறகு அதையே நம்பினார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அந்தப் பேச்சு நாடு நாடாகப் போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் மிஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக வாங்க யாரும் அவர் கடைக்குப் போகவில்லை.

மரம் விழுந்து ஒரு வாரம் கழித்துப் பாய் ஸ்பேனர் பையோடு வந்தார். வாசலில் ஊரே கூடி நின்றது. மிஷினை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார், ஓடியது. அணைத்தார். மறுபடி இழுத்தார், ஓடியது. மூன்றாவது தடவையும் அப்படியே. அறுத்த மரத்தின் அடிக்கட்டைக்குப் போனார். கட்டையைத் தடவிப் பார்த்தார். அறுப்பு முழுசாக இருந்தது. மரத்தைப் பிடித்துச் சாய்ப்பதற்காக நடுவில் அறுக்காமல் விட்டுவைத்திருந்த பட்டை முறுக்கிப் பிய்ந்திருந்தது. மிஷின் நின்றிருந்தால் அப்படி இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கொடி நல்லாக் காய்ச்சிருக்குங்க அம்மிணி" என்றார்.

"மிஷின்ல என்னங்க கோளாறு?" என்று என் மாமியார் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் திரும்பிக்கொண்டேன். "கொண்டுபோய்ப் பாக்கறனுங்க" என்று சொல்லி மிஷினை வண்டியில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு நாளில் சங்கிலி தீட்டி, துடைத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு சங்கிலி வாங்க, எண்ணெய் வாங்க என்று ஏதாவது சாக்கு வைத்து அவர் கடைக்குப் போவேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். பம்பு வாங்க வந்தவர்கள் நிற்பார்கள், திரும்பிவிடுவேன். ஒரு நாள் கடையில் யாருமில்லை. "பாயண்ணா, அன்னைக்கு மிஷின்..." என்று தொடங்கினேன். அவர் அரத்தால் சங்கிலியைத் தீட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே சொல்லி என்னங்க ஆவுது? தெரியாதவங்க கிட்டச் சொல்லுங்க."

குரலில் கோபம் இருந்தது. அவர் மகான் இல்லை, அவருக்கும் வலிக்கத்தான் செய்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், அறுவடை முடியட்டும், மாமியார் உடம்பு தேறட்டும் என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். அதற்குள் நசீர் போன் செய்துவிட்டார்.

பாயின் மையத்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போனேன். அவரை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போன பிறகு கிடைத்த பஸ்ஸைப் பிடித்து மேலே வந்தேன். என் வீட்டுக்குப் போகவில்லை. நேராக முருகேசன் வீட்டுக்குப் போனேன். அவர் களத்தில் ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்னைக்கு மிஷின் நிக்கலை. நான்தான் கொடியை அறுக்கலை. நீங்க சொல்லியும் அறுக்கலை" என்றேன்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த ராகி அப்படியே கொட்டியது.

"அப்ப நான் போயிப் பேசுனது?" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கால் கட்டோடு, கம்பு ஊன்றிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவர் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் முன்னால் பாயைப் பேசியிருக்கிறார். பாய் அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"என்ன பேசுனீங்க தம்பி?"

"மலைச் சனம்னா ஏமாந்த சனம்னு ஓட்டை மிஷினைத் தலையில கட்டி என்னை நொண்டியாக்கிட்டீங்களேன்னு கேட்டனுங்க அண்ணி. இன்னும் கேவலமாவும் பேசுனேன்." கொட்டிய ராகியைக் கையால் கூட்டிச் சேர்த்தார். "அவரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி மேல வெக்கச் சொன்னாரு. 'நின்னுட்டே பேசாதீங்க சாமி, வீங்கிக்கும். கால் கூடட்டும், அப்பறம் வாங்க, பேசிக்கலாம்'னாரு. நான் ஸ்டூலை எத்தி உட்டுட்டு வந்துட்டனுங்க."

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முருகேசன்தான் எழுதச் சொன்னார். ஒன்றையும் விடாமல் எழுதுங்கள், நானும் வந்து முன்னால் உட்காருகிறேன் என்றார். நசீரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பயம் என் மாமியாரிடம்தான், அவரும் வருவார்.

எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹனீபா பாய் விற்ற மிஷின் நல்ல மிஷின். அவர் சொன்னபடி செய்திருந்தால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அந்தக் கடையை இனி நசீர் நடத்துவார். மரத்தைப் பார்க்காமல் மிஷின் தர மாட்டேன் என்று அவரும் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாயண்ணா, முருகேசனுக்குக் கால் கூடிவிட்டது. உங்களோடு பேசுவதற்கு வந்திருக்கிறார். நீங்கள்தான் போய்விட்டீர்கள்.