குடுத்தேன்னு சொல்லுக்கா

பெங்களூரில் என் தையல் யூனிட்டை மூடிவிட்டு ஆவடிக்குத் திரும்பியபோது, சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டியாமே?" என்பதுதான். அதுவரை திவால் மனுவைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. அவர்கள் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. பேர் எப்படியும் கெட்டாகிவிட்டது, கொடுத்தால்தான் என்ன? எனக்குக் கோபம் வந்தால் மூளை நன்றாக வேலை செய்யும்.

பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிற தொழில். மொத்தமாக ஆர்டர் கொடுத்த வியாபாரி சரக்கை வாங்கிக்கொண்டு, கடையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். அவன் எனக்குப் போட்ட நாமத்துக்கு நான் வட்டி கட்டினேன். கட்டிக் கட்டி முடியாமல் போனதும் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது போதாதென்று மிச்சப் பணத்துக்கு, ஆவடியில் நாங்கள் குடியேறிய பருத்திப்பட்டு வரை தேடி வந்தார்கள். ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி எங்கள் ஃப்ளாட் வாசலில் சத்தம் போடுவார்கள். என் கணவர் காலையிலேயே கம்பெனி வேன் ஓட்டப் போய்விடுவார். கதவைத் திறப்பது நான்தான்.

"வேற எங்கியாவது போயிடலாமா?" என்றார் அவர் ஒருநாள்.

"ஒரு ஸ்டேட்டே தாண்டி வந்தாச்சு. இனிமே ஒரு தெரு கூட தாண்ட மாட்டேன்," என்றேன். சொன்னதோடு நிற்காமல் மறுநாளே பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கடன் கர்நாடகத்தில் வாங்கியது, மனு இங்கே செல்லுமா என்பதுதான் என் பயம். நான் பார்த்த வக்கீல் சிரித்தார். "எங்க வாங்கினா என்னம்மா, இப்ப எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் மனு போடணும்." கடுதாசி இப்போது மஞ்சளெல்லாம் இல்லை, வெள்ளைக் காகிதம்தான் என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். யார் யாருக்குத் தரவேண்டுமோ அத்தனை பேரையும் பட்டியலில் எழுத வேண்டும். ஒரு ஆளை மறைத்தாலும் தப்பு, இல்லாத ஆளைச் சேர்த்தாலும் தப்பு. மனு தள்ளுபடியாகிவிடும். தள்ளுபடியானால் மறுபடி வாசலில் அதே கூத்துதான்.

ஃபைனான்ஸ் கம்பெனியை எழுதினேன். சீருடைத் துணியைக் கடனுக்குக் கொடுத்த கடையை எழுதினேன். அதற்கப்புறம் அக்கா.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. பெங்களூரில் எங்கள் பக்கத்து வீடு. மாங்காட்டில் பிறந்து, கல்யாணமாகி அங்கே போனவள். அத்தனை வருஷம் கன்னடம் பேசியும் அவள் நாக்கு மாறவே இல்லை. நாங்கள் குடிபோன அன்று, "இன்னாம்மே, புச்சா வந்துகீறீங்களா?" என்று அவள் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. யூனிட் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு தீபாவளிக்கு, என்னிடம் வேலை பார்த்த பெண்களுக்கு போனஸ் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. நான் அவளிடம் கேட்கவும் இல்லை. என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தன் இரண்டு தங்க வளையல்களையும் அடகு வைத்துப் பணம் கொண்டுவந்து கொடுத்தாள். பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தந்துவிடுகிறேன் என்று நான் சொன்னது மட்டும்தான்.

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே போன் செய்து சொன்னேன்.

"கோர்ட்டுல என் பேர எழ்தி வச்சிகீறியா நீ?" என்றாள். "அந்த வட்டிக்காரனுங்களோட சேத்தா?"

"எழுதியே ஆகணும்க்கா. சட்டம் அப்படி."

போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

விசாரணை அன்று கோர்ட் வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பக்கத்தில் ஹைவேயில் இருக்கிற நசரத்பேட்டையில் இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் போனேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே எங்கள் மனுவைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அவளைப் பார்த்து, "இவங்க உங்களுக்குப் பணம் தரணும்னு சொல்லியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"எனக்கு யாரும் எதுவும் தர வாணாங்க," என்றாள் அக்கா. "நான் இவளுக்குக் கடனே குடுக்கல."

ஃபைனான்ஸ் கம்பெனியின் வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். கடன் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற ஆளே கொடுக்கவில்லை என்கிறார், அப்படியானால் பட்டியலே போலி, மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். என் வக்கீல் என் காதருகே குனிந்தார். "அவங்க பேரை எடுத்துடலாம்மா. ஞாபகப் பிசகுன்னு சொல்லிடுங்க. சின்ன தொகைதான, ஐயா விட்டுடுவார்."

ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அக்காவும் அதைத்தான் விரும்பினாள். ஆனால் ஞாபகப் பிசகா? என் பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்குச் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனது யாருடைய பணத்தில்? அதை மறந்துவிட்டேன் என்று என் வாயால் சொல்ல, நான் என்ன கடையைக் காலி செய்துவிட்டுப் போன அந்த வியாபாரியா?

"ஐயா, இவங்க பொய் சொல்றாங்க," என்றேன். என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவங்க கையைப் பாருங்க ஐயா. கண்ணாடி வளையல்தான் இருக்கும். தங்க வளையல் எங்கேன்னு கேளுங்க."

அக்கா சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். கோர்ட்டில் எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். ஆனாலும் நான் பின்வாங்கவில்லை.

"வளையல் எங்கம்மா?" என்றார் நீதிபதி. மெதுவாகத்தான் கேட்டார்.

"அடகுல கீது."

"யாருக்காக வச்சீங்க?"

அக்கா அன்றைக்கு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்தேன்னு சொல்லுக்கா," என்றேன். "உன் கால்ல விழறேன், சொல்லு."

"குட்த்தேன் சாமி," என்றாள் நீதிபதியிடம். "இவகிட்ட வேலை செய்ற பொண்ணுங்க தீவாளிக்கு வெறுங்கையோட ஊட்டுக்குப் போவக் கூடாதுன்னு குட்த்தேன். கடன்னு நெனச்சிக் குடுக்கல. தந்துடறேன்னு சொன்னா. தருவான்னு நம்புனேன். இப்பவும் நம்பிகினுதான் கீறேன். நீங்க இன்னா எழ்திக்கணுமோ எழ்திக்கோங்க."

நீதிபதி டைப்பிஸ்டிடம் சொல்ல ஆரம்பித்தார். கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார். மனு ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் வக்கீல் எனக்கு விளக்கினார். "இனிமே இந்தப் பட்டியல்ல இருக்கற யாரும் உங்ககிட்ட நேரா வந்து பணம் கேக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் கோர்ட்டு மூலமாத்தான். நிம்மதியா இருங்க."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்தது.

"நாலு பேர் எதிர்ல என் கைய பாக்க வச்சிட்ட இல்ல?" என்றாள் என்னிடம். "கடன்னு என் வாயாலயே சொல்ல வச்சிட்ட இல்ல? சரி, நான் கடன் குட்த்தவதான். எப்ப தருவ?"

வக்கீல், "இது என் காதுல விழல," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூடப் பதிலுக்காக நின்றதில்லை, கேட்டுக்கொண்டே கத்தத் தொடங்கிவிடுவார்கள். இவள் நின்றாள். மெஷின்களை வண்டியில் ஏற்றியபோதுகூட அழாத நான் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"பொங்கலுக்குள்ள, அக்கா."

"வளையல மூட்டுகினு வந்து குடு. துட்டா குட்த்தா வாங்க மாட்டேன்."

"சரி. வீட்டுக்கு வா, ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

"கடன் தீர்ற வரைக்கும் உன் ஊட்ல கை நனைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் நசரத்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் டெய்லராகச் சேர்ந்திருந்த கம்பெனியில் அன்றைக்கு முழுநாள் லீவு சொல்லியிருந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து, மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.